சூடானால் மட்டும் ஒட்டிக்கொண்ட வேஸ்ட்கேட்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஜூலை தொடக்கத்தில் ஒரு கார் வந்தது. ஐரோப்பியத் தயாரிப்பு, 1.4 லிட்டர் பெட்ரோல் டர்போ, ஏழு வருடம் ஓடிய வண்டி, மீட்டரில் 96,000 கிலோமீட்டர். ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டிவிட்டு மூன்றாவதாக எங்களிடம் கொண்டு வந்திருந்தார்கள். முதல் இடத்தில் ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் மாற்றியிருந்தார்கள், குறை போகவில்லை. இரண்டாவது இடத்தில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு டர்போ போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் அந்த டர்போவில் கெட்டுப்போயிருந்தது விரல் நீளம்கூட இல்லாத ஒரு தண்டும் அது திரும்பும் வளையமான புஷ்ஷும்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கும் இரண்டு முறை தேவைப்பட்டது. முதல் முறை நான் செய்த சோதனைகளில் ஒன்றுகூடத் தவறான சோதனை இல்லை, எல்லாவற்றையும் வண்டி ஆறியிருந்த நேரத்தில் செய்தேன், அங்கேதான் கோட்டை விட்டேன். இதே மாதிரி வண்டிகள் இங்கே நிறைய ஓடுகின்றன, இதே மாதிரி 4,200 வெள்ளித் தாளோடு யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

வண்டிக்காரர் பிடோக்கில் இருப்பவர், ஷென்டன் வேயில் வேலை, தினமும் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலைதான் அவருக்கு வழி. வயதில் மூத்தவர், அதனால் அண்ணன் என்றே சொல்கிறேன். அவர் சொன்ன குறை இதுதான்: "பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது தம்பி, எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விளக்கு இருக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு இழுவை வந்துவிடும்." எப்போதிருந்து என்று கேட்டேன். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் ஈப்போவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து என்றார்.

அந்த ஈப்போ விஷயத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். தாளில் எழுதிக்கொண்டேன், அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்கேனரில் இருந்த குறியீடு பி0299, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் கேட்ட அளவு வரவில்லை. வேறு எதுவும் இல்லை. இந்தக் குறியீட்டைப் பார்த்தவுடன் டர்போ என்று முடிவு கட்டுவதில்தான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அது எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதே இல்லை, காற்றழுத்தம் குறைகிறது என்ற ஒரு விளைவை மட்டும்தான் சொல்கிறது. குழாய் விட்டிருந்தாலும் அதே குறியீடு, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு என்ற மின்வால்வு சரியில்லை என்றாலும் அதே குறியீடு, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்து எக்ஸாஸ்ட் வெளியேற முடியாமல் போனாலும் அதுவே வரலாம், வேஸ்ட்கேட் மூடாமல் நின்றாலும் அதேதான்.

வேஸ்ட்கேட் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பலர் இதையும் புளோ-ஆஃப் வால்வையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். புளோ-ஆஃப் வால்வு உள்ளே போகும் காற்றின் பக்கம் இருப்பது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கம்ப்ரெசரிலிருந்து வந்த காற்றுக்கு ஒரு வழி விட்டு 'புஸ்' என்று சத்தம் போடுவது. வேஸ்ட்கேட் எக்ஸாஸ்ட் பக்கம். எஞ்சினிலிருந்து வரும் சூடான வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரெசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது, அதனால் இன்னும் அதிக எரிபொருள் எரிகிறது, இன்னும் அதிக வாயு வருகிறது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. இதற்கு எங்காவது ஒரு நிறுத்தம் வேண்டும். சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 200,000 சுற்றைத் தாண்டுபவை, விட்டால் சக்கரமும் தாங்காது எஞ்சினும் தாங்காது. அதனால் டர்பைனுக்கு முன்பாகவே பக்கவாட்டில் ஒரு துளை, அதன்மேல் ஒரு மூடி. அழுத்தம் போதும் என்றானதும் மூடி திறக்கும், மீதி வாயு சக்கரத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராக எக்ஸாஸ்ட் குழாய்க்குப் போய்விடும்.

பல பந்தயக் கார்களில் இது தனி வால்வாகக் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரணக் கார்களில் டர்பைன் கூட்டுக்குள்ளேயே ஒரு சின்னத் தட்டு, அதைப் பிடித்த ஒரு கை, அந்தக் கையிலிருந்து கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் ஒரு தண்டு, வெளியே ஒரு நெம்புகோல், அதோடு சேர்ந்த கம்பி, கம்பியின் மறுமுனையில் தகரக் குப்பி மாதிரி ஆக்சுவேட்டர். குப்பிக்குள் டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வும் ஸ்ப்ரிங்கும் இருக்கும்.

இந்தக் காரில் இருந்தது அழுத்தத்தால் திறக்கும் வகை. ஸ்ப்ரிங் தட்டை மூடியே வைத்திருக்கும், கம்ப்ரெசரிலிருந்து வரும் அழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளினால் தட்டு திறக்கும். நடுவில் ஒரு சொலினாய்டு வால்வு இருக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கு மின்சாரம் கொடுக்காவிட்டால் அழுத்தம் முழுவதும் ஆக்சுவேட்டருக்கே போய்விடும், ஸ்ப்ரிங் தாங்கும் அளவுக்கு மட்டும்தான் பூஸ்ட் கிடைக்கும். அதிக பூஸ்ட் வேண்டுமென்றால் சொலினாய்டு அந்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய்க்கே கசியவிடும், ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறைவாகப் போகும், தட்டு மூடியே இருக்கும். ஸ்கேனரில் சொலினாய்டு 90 விழுக்காட்டுக்கு மேல் என்று காட்டினால் இசியு 'மூடு, மூடு' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வெற்றிடத்தால் மூடும் வகையும் உண்டு. அதில் வெற்றிடம் இல்லையென்றால் தட்டு திறந்தே கிடக்கும், எல்லாம் தலைகீழ். இப்போது வரும் பல கார்களில் மின்மோட்டாரே தட்டை நகர்த்துகிறது. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் சோதனையில் இறங்கக் கூடாது, குழாய் கழன்றுவிட்டால் ஒன்றில் பூஸ்ட் எகிறும், மற்றொன்றில் பூஸ்டே வராது.

கார்களில் இந்த வால்வு 1962லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினுக்கு டர்போவும் அதைக் கட்டுப்படுத்த வேஸ்ட்கேட்டும் வைத்தார்கள். ஆனால் அன்றாடக் காருக்கு இது பழக்கமானதில் எனக்குப் பிடித்த கட்டம் சுவீடனின் சாப் 99 டர்போ, 1977இல் அறிமுகமானது. சின்ன டர்போவைப் போடு, குறைந்த வேகத்திலேயே இழுவை வரட்டும், மேலே போகும்போது மிச்சத்தை வேஸ்ட்கேட் வழியாக விட்டுவிடு என்ற யோசனை அது. 1982இல் அவர்களே எஞ்சின் தட்டுவதைக் கேட்கும் ஒரு சென்சாரையும் ஒரு சொலினாய்டையும் சேர்த்து வேஸ்ட்கேட்டை மின்னணுவால் கட்டுப்படுத்தினார்கள். என் பெஞ்சில் கிடக்கும் இந்தச் சின்ன சொலினாய்டு அதன் வழி வந்ததுதான்.

சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். இங்கே கார் வைத்திருக்கப் பத்து வருடத்துக்கு ஒரு உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதுதான் சிஓஇ. 2014 பிப்ரவரியிலிருந்து அதன் ஏ பிரிவுக்கு 1,600 சிசி மட்டும் போதாது, எஞ்சின் சக்தி 97 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வரம்பு வைத்தது. அதற்குப் பிறகு அந்த வரம்புக்குள் அடங்கும்படி அமைத்த சின்ன டர்போ எஞ்சின்கள் இங்கே குவிந்தன. ஒரே எஞ்சின் வேறு நாட்டில் கூடுதல் சக்தியோடு விற்கப்படும், இங்கே குறைத்து விற்கப்படும். அந்தக் குறைப்பில் வேஸ்ட்கேட் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்ற கணக்குக்கும் பங்கு உண்டு. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தங்களில் இரவில் வரிசையாக நிற்கும் கார்களில் இந்தத் தட்டு எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, காருக்கு வருகிறேன்.

முதல் நாள் கார் காலையிலேயே வந்து மதியம் வரை வெளியே நின்றது, நான் கை வைத்தபோது நன்றாக ஆறியிருந்தது. முதலில் காற்றுக் குழாய்களை அடைத்துப் புகை விட்டுப் பார்த்தேன், எங்கும் கசிவு இல்லை. கம்ப்ரெசர் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தேன், பிளேடுகள் முழுசாக இருந்தன, கூட்டில் உரசிய தடம் இல்லை, சக்கரத் தண்டில் தேவையற்ற ஆட்டம் இல்லை. எண்ணெய் ஒழுகவில்லை. எக்ஸாஸ்ட் பின்னழுத்தமும் அளந்தேன், கேடலிட்டிக் கன்வெர்ட்டர் அடைக்கவில்லை. அப்புறம் ஆக்சுவேட்டர் குழாயைக் கழற்றி, மானி பொருத்திய கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தேன். 0.35 பாரில் கம்பி நகரத் தொடங்கியது, 0.7 பாரில் 9 மில்லிமீட்டர் வெளியே வந்தது, அழுத்தத்தை விட்டதும் சுத்தமாகத் திரும்பி உட்கார்ந்தது. அழுத்தத்தைப் பிடித்து வைத்து ஒரு நிமிடம் பார்த்தேன், முள் இறங்கவில்லை, டயாஃப்ரம் கிழியவில்லை.

இதைச் செய்து முடித்ததும் வேஸ்ட்கேட் நல்லது என்று தாளில் டிக் போட்டேன். மிச்சம் இருந்தது சொலினாய்டு. எங்களிடம் அதே ரகத்தில் புதியது ஒன்று இருந்தது, மாற்றினேன். காக்கி புக்கிட், ஊபி பக்கமாக எட்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பூஸ்ட் கேட்டபடி வந்தது, குறியீடு வரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

நான்காம் நாள் அவரிடமிருந்து போன். அதே பாலம், அதே விளக்கு.

இந்த முறை அண்ணனோடு அவர் மனைவியும் வந்திருந்தார். அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ஈப்போவிலிருந்து திரும்பிய நாள் முதல் இந்தக் குறை வந்த ஒவ்வொரு முறையும் தேதி, இடம், வண்டி எடுத்து எத்தனை நிமிடம் கழித்து என்று குறித்து வைத்திருந்தார். 11 பதிவுகள். ஷியர்ஸ் பாலம் ஆறு முறை, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஜோகூர் பாருவிலிருந்து திரும்பும் வரிசையில் ஊர்ந்துவிட்டு வெளியே வந்ததும் இரண்டு முறை, மற்றவை வேறு வேறு இடங்கள். நான் இடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்தான், "இடத்தைப் பார்க்காதீங்க தம்பி, நிமிஷத்தைப் பாருங்க" என்றார்.

18, 22, 25, 40, 19... ஒன்றுகூட 18 நிமிடத்துக்குக் குறைவாக இல்லை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட அதே வண்டியில் தினமும் பத்து நிமிடம் அவர் ஓட்டுகிறார், அதில் ஒருமுறைகூட வந்ததில்லை. நெரிசல் இல்லாத நாளில் அண்ணன் 15 நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடுவார், அன்றும் வந்ததில்லை. பாலம் ஏற்றமாக இருப்பதால் குறை அங்கே தெரிகிறது, அவ்வளவுதான், குறையை உண்டாக்குவது சூடு. நானோ ஆறிய வண்டியைச் சோதித்து, எட்டு நிமிடம் ஓட்டி, சரியாகிவிட்டது என்று அனுப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்கே ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அண்ணனை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாங்கி வரை போய்த் திரும்பி, ஈஸ்ட் கோஸ்ட் வழியாக ஷியர்ஸ் பாலத்துக்குப் போனோம். ஏறும்போது எஞ்சின் 2,000 சுற்றில் இருந்தது. இசியு கேட்ட அழுத்தம் 1,800 மில்லிபார், வந்தது 1,320. இது வளிமண்டலத்தையும் சேர்த்த கணக்கு, கடல் மட்டத்தில் இருக்கும் நம் ஊரில் சும்மாவே 1,010 இருக்கும், ஆக 800 பூஸ்ட் கேட்ட இடத்தில் 300 சொச்சம்தான் கிடைத்திருக்கிறது. சொலினாய்டு 95 விழுக்காடு. மூடு மூடு என்று இசியு கேட்கிறது, மூட வேண்டியது மூடவில்லை. சில விநாடிகளில் விளக்கு எரிந்தது, எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போனது.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, எஞ்சினை அணைத்து, ஆறவிடாமல் வேலையைத் தொடங்கினோம். இதை யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து வெப்பம் தாங்கும் கையுறையும் நீளக் கைச்சட்டையும் இல்லாமல் செய்யாதீர்கள். பெட்ரோல் டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு முழுச் சுமையில் 900 பாகை செல்சியஸைத் தாண்டும், நிறுத்திய பிறகும் கூடு நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறையில் பயிற்சிக்கு வந்திருக்கும் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழக) மாணவர், வண்டி கிளம்பும் முன்பே ஆக்சுவேட்டர் கம்பியில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, ஆறிய நிலையில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து அதே கோணத்தில் இன்னொன்று எடுத்தார். "அண்ணே, கோடு வெளியே நிக்குது" என்றார்.

உண்மைதான். ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே இல்லை, எஞ்சினே ஓடவில்லை, கம்பி மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நின்றது.

கைப்பம்பை மாட்டினேன். ஆறியபோது 0.35 பாரில் நகர்ந்த கம்பி இப்போது 0.5 பார் வரை அசையவே இல்லை, அப்புறம் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு நகர்ந்தது. அழுத்தத்தை முழுசாக விட்டேன், பாதி திரும்பி 3.5 மில்லிமீட்டரில் நின்றுகொண்டது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் நெம்புகோலில் லேசாகத் தட்டினேன், 'டக்' என்று மூடியது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே. கையும் களவுமாக அகப்பட்டது. காய்ச்சல்காரரைக் காய்ச்சல் விட்ட நேரத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த கதைதான் என் முதல் சோதனை.

3.5 மில்லிமீட்டர் என்ன பெரிய இடைவெளி என்று அண்ணன் கேட்டார், நியாயமான கேள்வி. பிறகு பிரித்துப் பார்த்தபோது அந்தத் துளையின் விட்டம் 22 மில்லிமீட்டர் இருந்தது, அதன் பரப்பு சுமார் 380 சதுர மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்கில் கம்பி 3.5 வெளியே நின்றால் தட்டின் நடுப்பகுதி சுமார் 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். வாயு தப்பிக்கும் வழி என்பது துளையின் சுற்றளவை அந்த இடைவெளியால் பெருக்கிய பரப்பு, 69 பெருக்கல் 3, ஏறக்குறைய 207. அதாவது பாதித் துளைக்கு மேல் திறந்து கிடக்கிறது. குறைந்த சுற்றில் எஞ்சின் தரும் வாயுவே கொஞ்சம்தான், அதில் பெரும்பகுதி இந்த வழியாக ஓடிப்போனால் டர்பைனுக்கு என்ன மிஞ்சும்?

டர்போவை இறக்கினோம். வேஸ்ட்கேட்டின் தண்டு கூட்டுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பும் பழுப்புமாகப் படிவு, புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து இடம் விட்டிருக்கிறது, மறுபக்கம் படிவு இடத்தை அடைத்திருக்கிறது. ஆறியிருக்கும்போது தண்டு எப்படியோ வழி கண்டுபிடித்துத் திரும்புகிறது. சூடேறி எல்லாம் விரியும்போது சாய்ந்து இறுகிக்கொள்கிறது. காலையில் வண்டியை எடுத்தவுடன் 'கிணுகிணு' என்று ஒரு சத்தம் வந்ததாகவும், முதல் பட்டறையில் வெப்பத் தடுப்புத் தகடு ஆடுகிறது என்று இறுக்கியதாகவும் அண்ணன் அப்போதுதான் சொன்னார். தகடு ஆடியிருக்கலாம், ஆனால் தேய்ந்த வேஸ்ட்கேட் தட்டும் ஆறிய எஞ்சினில் அதே மாதிரிதான் ஒலிக்கும்.

ஏன் இந்தப் படிவு? இது என் கணிப்பு, ஆனால் வண்டியின் வரலாறு அதோடு ஒத்துப்போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும், ஆவியாக வெளியே போகும். இரும்பு சுமார் 50 பாகைக்குக் கீழே இருக்கும்வரை அந்த ஆவி அதன்மேல் நீராகப் படியும். வெயில் ஊர்தானே என்று நினைக்கலாம், ஆனால் இரவெல்லாம் கார்நிறுத்தத்தில் நின்ற வண்டியின் இரும்பு 30 பாகையில்தான் இருக்கிறது, தினமும் பள்ளிக்குப் போகும் அந்தப் பத்து நிமிட ஓட்டம் நீரைப் படியவிட்டு, எஞ்சின் நன்றாகக் காயும் முன்பே நின்றுவிடும் ஓட்டம்.

இன்னொன்று, இந்த வகை ஆக்சுவேட்டரில் அழுத்தம் ஸ்ப்ரிங்கைத் தாண்டினால்தான் தட்டு அசையும். பிடோக்கிலிருந்து ஷென்டன் வேக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி அந்த அழுத்தத்தை எத்தனை தடவை தொடும்? மாதக்கணக்கில் தண்டு ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது. அதன்பிறகு ஜூனில் ஐந்து பேர், பெட்டிகள், ஏசி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம், ஏற்றங்கள். வருடக்கணக்கில் அதிகம் அசையாத தண்டு அன்றைக்குத்தான் முழுத் தூரமும் போய் வந்திருக்கிறது, போன வழியில் படிவை இழுத்துக்கொண்டு. அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் குறை தொடங்கியது என்று அண்ணன் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

என்ன செய்வது என்று மூன்று வழிகளைப் பேசினோம். புது டர்போ போடலாம், அந்த வண்டிக்கு சிஓஇ முடிய மூன்று வருடம்தான் இருந்தது, 4,200 வெள்ளி போட மனம் வராது. துருநீக்கி எண்ணெய் அடித்து ஆட்டிவிட்டு அனுப்பலாம், பல இடங்களில் இதைச் செய்கிறார்கள், அந்த எண்ணெய் அந்தச் சூட்டில் தங்காது, தேய்ந்த புஷ் தேய்ந்த புஷ்தான், சில வாரங்களில் திரும்ப வரும். மூன்றாவது, கூட்டை இயந்திரப் பட்டறைக்கு அனுப்பி புஷ்ஷையும் தண்டையும் தட்டையும் மட்டும் புதிதாகப் போடுவது. டர்பைனும் கம்ப்ரெசரும் நல்ல நிலையில் இருந்ததால் நான் மூன்றாவதைச் சொன்னேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கழற்றி மாட்டும் கூலி, கேஸ்கட், எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளி ஆனது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மூடாத வேஸ்ட்கேட்டுக்குச் சிலர் கம்பியின் மரையைத் திருகி நீளத்தைக் குறைத்து, ஸ்ப்ரிங்கை இன்னும் இறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பூஸ்ட் திரும்ப வந்த மாதிரி இருக்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் இறுக்கிய ஸ்ப்ரிங் தட்டை நேரத்துக்குத் திறக்கவிடாது. ஆறிய வண்டியில் பூஸ்ட் அளவைத் தாண்டி பி0234 என்ற குறியீடு வரும், தண்டு இன்னும் இறுகி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. சிக்கிய தண்டை விடுவிக்காமல் அதை இழுக்கும் பலத்தைக் கூட்டுவது பழுதை மறைப்பது.

சின் மிங்கில் ஒரு இயந்திரப் பட்டறை இதைச் செய்து கொடுத்தது, மூன்று நாள் ஆனது. கூடு திரும்பி வந்ததும் தண்டை விரலால் திருப்பிப் பார்த்தேன், தன் எடைக்கே கீழே விழுந்தது. தட்டு துளையின்மேல் முழுசாக உட்காருகிறதா என்று ஒளி அடித்துப் பார்த்தேன். அப்புறம் கம்பியின் நீளம். தட்டைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கம்பியின் கண் நெம்புகோலின் ஊசிக்கு 1.5 மில்லிமீட்டர் எட்டாமல் நிற்க வேண்டும், இழுத்து மாட்டும் அந்தச் சின்ன இறுக்கம்தான் தட்டு அதிராமல் உட்கார உதவுவது. கைப்பம்பில் 0.35 பாரில் நகரத் தொடங்குகிறதா என்று சரிபார்த்து, பூட்டு நட்டை இறுக்கி, பெயின்ட் பொட்டு வைத்தோம்.

இந்த முறை எட்டு நிமிட ஓட்டம் இல்லை. 35 நிமிடம் ஓட்டினேன், வேண்டுமென்றே மாலை நெரிசலில் ஊர்ந்து சூடேற்றினேன், பிறகு பாலம். முழு பூஸ்டைச் சோதிக்க வேகம் தேவையில்லை, விரைவுச்சாலையில் சேரும்போது மூன்றாம் கியரில் 40லிருந்து 80க்கு ஏறும் அந்தச் சில விநாடிகளே போதும். பாலத்தில் கேட்டது 1,800, வந்தது 1,790, சொலினாய்டு 60க்கும் 70க்கும் இடையில் நிதானமாக நின்றது. பட்டறைக்கு வந்ததும் சூட்டோடு சூடாகக் கம்பியைப் பார்த்தோம், வெள்ளைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாணவர் மூன்றாவது போட்டோவையும் எடுத்தார்.

இப்போது சூட்டில் வரும் குறை என்று ஒரு வண்டி வந்தால் எங்கள் பட்டறையில் இரண்டு கைப்பம்பு அளவுகள் எழுதுகிறோம், ஆறியபோது ஒன்று, அரை மணி நேரம் ஓட்டியவுடன் ஒன்று. அழுத்தத்தைக் கொடுக்கும்போது எழுதுவதைப் போலவே விடும்போதும் எழுதுகிறோம், ஏனென்றால் இந்த வண்டியில் போன தூரம் சரியாக இருந்தது, திரும்பி வந்த தூரம்தான் குறைந்தது. குறை எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பது வரவேற்புத் தாளிலேயே ஒரு கேள்வியாகிவிட்டது.

அந்தக் குடும்பம் செப்டம்பர் விடுமுறையில் மறுபடியும் ஈப்போ போய் வந்தது. திரும்பியதும் அண்ணனின் மனைவி ஒரு வரி அனுப்பினார்: "உட்லண்ட்ஸில் இரண்டு மணி நேரம் நின்றோம் தம்பி, விளக்கு வரவில்லை." முதல் முறை நான் மாற்றிய சொலினாய்டின் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையதை பெஞ்சில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு அளவிலும் சரியாக வேலை செய்தது. அதைத் துடைத்து அவர்களுடைய காரிலேயே திரும்ப மாட்டியிருக்கிறேன்.